மாப்பிள்ளைப் பந்துக்கு மூன்று துளைகள்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்,
1947 ஜனவரி 23, வியாழன்.

பேரன்புள்ள மச்சான் மரியசெல்வம் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் வேதநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை என்பதால் அப்படியே ஆரம்பிக்கிறேன். சுகமில்லாதவற்றைக் கீழே காணலாம். தூத்துக்குடியில் நீங்களும் அக்காவும் உங்கள் உப்பு வியாபாரமும் நலமாயிருக்கப் பனிமய மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய சீலாக் கருவாடு வாசனை முன்னே வர, பார்சல் பின்னே வந்து சேர்ந்தது. என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தீர்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலம் பூராவும் துரைமார்களும் அதையேதான் சொன்னார்கள். பேனா முள் சரியில்லை என்று வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் பிலோமினாவுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் முறிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்து, கல்யாணம் கூடாத தவசு காலம் பிறப்பதற்குள் தாலி கட்டுவதாகப் பேச்சு. அந்த ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் சுவாமியாரிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். இத்தனைக்கும் காரணம் ஒரு கறுப்புப் பந்து. அதில் எந்த இடத்தில் துளை போடுவது என்று ஊரைக் கூட்டி யோசித்தோம். யோசிக்க வேண்டிய ஒன்றை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

பிலோமினாவின் சங்கதி உங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அவளுக்கு இடது கைதான் கை. ராயபுரத்துச் சம்பந்தம் அவள் இடது கையால் பாயசம் பரிமாறியதில் போயிற்று. பரங்கிமலைச் சம்பந்தம், மாமியாராக வர இருந்த அம்மாள் கண்ணெதிரே, வற்றலில் வாய் வைத்த காக்கையை இவள் கல் விட்டெறிந்து விரட்டியதில் போயிற்று. குறி தப்பவில்லை, அந்த அம்மாளுக்கு அதுதான் அதிகப் பயமாகப் போய்விட்டது. அதனால்தான் இந்தத் தடவை, தாலி ஏறும்வரை இடது கையில் ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும், கை ஒழிவாக இருந்தால்தானே நீளும் என்று நீங்கள் யோசனை சொன்னீர்கள். அவளும் கைக்குட்டையும் கையுமாகவே நடமாடினாள். ஜலதோஷமா என்று எதிர்வீட்டார் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். இந்த இடது கை எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். உங்கள் அத்தை அந்தோணியம்மாள் தோசை திருப்பியது எந்தக் கையால் என்று உங்கள் தங்கை ஜெபமாலையே என்னிடம் சொல்லியிருக்கிறாள். போகட்டும், அதைக் கிளற நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

மாப்பிள்ளை அய்யாதுரையைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் சரியாகவே இருந்தது. பாங்கியில் உத்தியோகம், தியாகராய நகரில் ஜாகை, தகப்பன் இல்லாத பிள்ளை, தாயார் தாயம்மாவின் பேச்சைத் தட்டாதவன், சிகரெட் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம், பந்து உருட்டுவது. யுத்தம் முடிந்து அடையாற்றில் பட்டாள முகாமைக் கலைத்தபோது, சோல்ஜர்கள் பந்து உருட்டி விளையாடிய பலகைத் தளத்தை நம் சுவாமியார் அப்படியே பெயர்த்து வந்து வாலிபர் சபை மண்டபத்தில் போட்டிருக்கிறார். ஒரு கோடியில் பத்துக் கட்டைகளை நிறுத்திவைத்துவிட்டு மறு கோடியிலிருந்து கனமான பந்தை உருட்டி விழத்தட்ட வேண்டும். பவுலிங் என்று பெயர். அய்யாதுரை உருட்டினால் கட்டைகள் தாமாகவே படுத்துக்கொள்ளும் என்று சபையில் பேச்சு. நான் போய்ப் பார்த்ததில்லை. பெண்ணைக் கொடுக்கப்போகிறவன், மாப்பிள்ளை விளையாடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அந்தக் கௌரவம்தான் என் குடியைக் கெடுத்தது.

மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது எல்லோரும் செய்வது, நாம் அவர் மனசுக்குப் பிடித்ததாக ஒன்று கொடுப்போம் என்று எனக்குத் தோன்றியது. முகாமில் ஏலம் எடுத்த வியாபாரி ஒருவனிடம், பெட்டி பிரிக்காத புதுப் பந்து ஒன்று கிடந்தது. கன்னங்கரேலென்று, பூசணிக்காய் அளவில், துளையே இல்லாமல் இருந்தது. ஏனப்பா துளை இல்லை என்று கேட்டேன். வாங்குகிறவர் கையைப் பார்த்து அப்புறம்தான் துளை போடுவார்களாம். கட்டை விரலுக்கு ஒன்று, மற்ற விரல்களுக்கு இரண்டு. கைக்குக் கை இடம் மாறுமாம். வாங்கிக்கொண்டு நேரே குளத்தங்கரைப் பக்கம் மெஹபூப் பாஷாவின் கடைசல் பட்டறைக்குப் போனேன். கட்டில் காலும் தொட்டில் குமிழும் கடைகிற மனுஷன். பந்தைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு சொன்னார்.

"தொளை போடறது ஒரு வேலையா சாமி? எங்க போடணும்னு நீ சொல்லு, நான் போட்டுத் தர்றேன். இடம் தப்பாப் பூட்ச்சின்னா எங்கைல வந்து அடைக்கச் சொல்லாத."

இடம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது மச்சான். விரல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் விடுவது, துளையை நேராக இறக்குவதா சாய்வாகவா, பந்தின் கனமான பக்கத்தை உள்ளங்கைக்கு அடியில் வைப்பதா வெளியே தள்ளுவதா என்று அதற்குள் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. கனமான பக்கம் எது என்று எப்படித் தெரியும்? அதற்கு பாஷா ஒரு வழி சொன்னார். எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் வைத்தால் பந்து தானாகவே புரண்டு கனமான பக்கத்தைக் கீழே காட்டுமாம். நம் வீட்டுக் கூடத்தில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்து நல்லெண்ணெய் தடவி, பந்தை உட்கார்த்தி, நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். பந்து அசையவில்லை. ஜெபமாலை ஜெபம் சொல்லிப் பார்த்தாள். எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார் எட்டிப் பார்த்து, எங்காத்துல எந்தக் காரியமானாலும் கிழக்கே பார்த்துண்டுதான் பண்ணுவோம், துவாரமும் கிழக்கே பார்த்தாப்பல இருக்கட்டும் என்றார். உருண்டு போகிற பொருளுக்குக் கிழக்கு ஏது என்று நான் கேட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை, காலையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தச் சமயம் பார்த்துப் பந்து மெதுவாகப் புரண்டு, தாம்பாளத்தை விட்டு இறங்கி, உங்கள் கருவாட்டுப் பானையைப் போய் உடைத்தது. அதோடு கனமான பக்கம் பற்றிய ஆராய்ச்சியை முடித்துக்கொண்டோம்.

ஜெபமாலை, துளைகள் அகலமாக இருக்கட்டும், பிள்ளைக்கு விரல் நோகக்கூடாது என்றாள். வாலிபர் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அருளப்பன் பட்டறைக்கே வந்துவிட்டார். மூன்று துளைகளும் சரிசமமான முக்கோணமாக இருந்தால் திரித்துவத்தின் மகிமை விளங்கும் என்றார். அப்படிப் போட்டால் மாப்பிள்ளைக்குக் கழுகின் கால்தான் வேண்டும் என்று பாஷா முணுமுணுத்தார். உபதேசியார் மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஒரு சிமிட்டா பொடியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் பொடியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியில் மாப்பிள்ளையின் கை அளவே வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஆனால் அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும், பரிசு அல்லவா? மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அவரையும் தாயாரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். சாப்பாடு முடிந்ததும், ஒரு தட்டில் சந்தனம் கரைத்து வைத்து, பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, வரப்போகிற மாப்பிள்ளை சந்தனத்தில் கை நனைத்து அச்சு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். எத்தனை தலைமுறையாக என்று தாயம்மா கேட்டார். பாட்டன் காலத்திலிருந்து என்றேன். அய்யாதுரை தட்டைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தாயம்மா தொண்டையைக் கனைத்தார். அவர் வலது கையை நனைத்துப் பளிச்சென்று அச்சு வைத்தார். அந்தத் தயக்கத்தை நான் அடக்கம் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனேன். சந்தனத் தட்டில் எவனாவது இடது கையை விடுவானா? உங்களையும் என்னையும் போலப் பெரியவர்கள் முன்னால் நல்ல காரியத்துக்கு நீட்டுகிற கை ஒன்றுதானே? அளவு எடுக்கப் போன எனக்கு அது புத்தியில் ஏறவில்லை.

அச்சில் விரலின் நீளம் தெரிந்தது, பருமன் தெரியவில்லை. அதைச் சொன்னவர் பாஷாவின் சம்சாரம் அமீனா பீ. தெருத்தெருவாக வளையல் போடுகிறவர். கையைத் தொடாமலே, பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லுவார் என்று மயிலாப்பூர்ப் பெண்கள் சத்தியம் செய்வார்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கட்டை விரல் துளைக்கு ஓர் அளவு சொன்னார். சின்னதாக இல்லையா என்று கேட்டேன். போடும்போது கஷ்டப்பட்டுப் போகணும், போனப்புறம் லேசில் வரக்கூடாது, அதுதான் அளவு என்றார். வளையலுக்கு அது நியாயம். விரலை விட்டு எடுக்க வேண்டிய பந்துக்கு அது நியாயமா என்று அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாஷா துரப்பணத்தை எடுத்தார். மூன்று துளைகள், வலது கைக்கு வாகாக, சாய்வு முதற்கொண்டு அச்சில் இருந்தபடியே போட்டு, மெழுகு தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் பரிசளிப்பு. சுவாமியார் பந்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், முன் வரிசையில் ஜரிகைப் புடவையில் தாயம்மா. நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பந்தைக் கொடுத்தேன். அய்யாதுரையின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அவர் துளைகளைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் உத்தரத்தைப் பார்த்தார். உருட்டுங்க, உருட்டுங்க என்று சபை வாலிபர்கள் கூவினார்கள், அதில் பாதிப் பேர் சிரித்தது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவர் தாயாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது கையின் கட்டை விரலைத் துளையில் விட்டு அழுத்தினார். அமீனா பீ சொன்னபடியே கஷ்டப்பட்டுத்தான் போயிற்று.

அன்றைக்குச் சிறப்பாக இருக்கட்டும் என்று, கோயிலில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கிப் பலகைக்குத் தேய்த்து வைத்திருந்தார்கள். அய்யாதுரை காலில் வெறும் காலுறை. நாலு எட்டு வைத்து, கையைப் பின்னால் வீசி, முன்னால் கொண்டு வந்தார். பந்து கையை விடவில்லை. கை பந்தை விடவில்லை. பந்து போகிற வேகத்தில் மாப்பிள்ளையும் குப்புற விழுந்து அதன் பின்னாலேயே போனார். முழுத் தளத்தையும் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்க் கட்டைகளுக்குள் புகுந்தார். பத்தும் விழுந்தன. சுவாமியார் பெல்ஜியம் தேசத்துக்காரர், கண்ணும் மங்கல். இதுதான் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்.

தூக்கி உட்கார்த்தினோம். அடி ஒன்றும் பலமில்லை, ஆனால் விரல் வரவில்லை. கட்டை விரல் வீங்கத் தொடங்கியது. உபதேசியார் பந்தைப் பிடித்து இழுத்தார், நான் மாப்பிள்ளையைப் பிடித்து இழுத்தேன். பாஷாவைக் கூப்பிட்டுப் பந்தைப் பிளந்துவிடலாம் என்றார் ஒருவர். அவர் பட்டறையில் பந்து எது விரல் எது என்று பார்க்காமல் பிளந்துவிட்டால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினா எழுந்து வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. குழாயடியிலிருந்து சவுக்காரமும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டு வந்து, அவர் எதிரில் முழங்காலில் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கீழே போட்டாள். சவுக்காரத்தைக் குழைத்து விரலைச் சுற்றித் தடவி, இறுகின வளையலைக் கழற்றுவது போல இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, மெதுவாக உருவி எடுத்துவிட்டாள். எந்தக் கையால் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அய்யாதுரை அவள் கையைப் பார்த்தார். அவள் சட்டென்று கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள், முகம் செத்துப்போயிற்று. அந்தப் பிள்ளை எழுந்தார். சபையின் பழைய பந்து ஒன்று ஓரமாகக் கிடந்தது. போய் அதை இடது கையால் எடுத்தார். தாயாரைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, வீசினார். பந்து பலகையின் விளிம்பை ஒட்டியே போய், விழப்போகிறது என்று நினைக்கிற இடத்தில் உள்ளே வளைந்து, பத்துக் கட்டைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. நன்றாக இருந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. ஆனால் நன்றாகத்தான் இருந்தது. பிலோமினா தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்ததையும் பார்த்தேன்.

அப்புறம் நடந்தது உங்கள் தங்கைக்கும் தாயம்மாவுக்கும்.

"பொண்ணு நொட்டாங்கைன்னு ஏன் சொல்லல?"

"உங்க பிள்ளை பீச்சாங்கைன்னு நீங்க சொன்னீங்களா?"

"எம் மவன் சோத்துக்கைக்காரன்தான். இந்தப் பந்துலதான் என்னமோ பண்ணிட்டிய."

ஒரு கையை மறைத்த இரண்டு குடும்பங்களும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டிக்கொண்டதைச் சுவாமியார் தமிழில் புதிய வார்த்தைகள் கற்றுக்கொள்கிற ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் ஒரு நொட்டாங்கை இருந்தால் மூடி மறைக்கலாம், இரண்டு இருந்தால் பிறக்கிற பிள்ளைக்குச் சோறு யார் ஊட்டுவது என்று கேட்டுவிட்டு, மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாயம்மா தியாகராய நகருக்கு ரிக்ஷா ஏறினார். சபை முழுவதற்கும் பையன் இடது கை என்று தெரியுமாம். தாயார் காதுக்குப் போகக்கூடாது என்று கெஞ்சி வைத்திருந்தானாம். உபதேசியாரைப் பிடித்து உலுக்கினேன். நீங்க எந்தக் கைன்னு என்னைக் கேக்கவே இல்லையே என்கிறார் பாவி மனுஷன்.

ஆகையால் மச்சான், நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் விசாரித்துக் கொடுத்த சம்பந்தம் இது. மாப்பிள்ளைக்குக் கண்ணைப் பார்த்தீர்கள், பல்லைப் பார்த்தீர்கள், கையைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு குறையை மறைத்துப் பெண் கேட்டவர்கள் வீட்டில் நாம் சம்பந்தம் செய்துகொள்வதற்கில்லை என்று அவர்களுடைய தூத்துக்குடிச் சொந்தக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நாமும் மறைத்தோமே என்று அவர்கள் கேட்டால், நாம் மறைத்தது அன்பினால், அவர்கள் மறைத்தது கபடத்தினால் என்று சொல்லவும். பிலோமினா என்னோடு பேசுவதில்லை. கைக்குட்டையை அடுப்பில் போட்டுவிட்டாள். நேற்றைக்கு இடது கையாலேயே எனக்குச் சோறு போட்டாள். நானும் சாப்பிட்டேன். எனக்கு இருக்கிறது ஒரே பெண். இந்த வருஷமும் தவசு காலம் வந்துவிட்டால் அவளுக்கு இன்னொரு வயது கூடிவிடும். நான் கோபத்தில் எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள், எனக்குத் துக்கம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் உப்பளத்தில் மழை பெய்யாமலும், உங்கள் வீட்டில் சமாதானம் குறையாமலும் இருக்க, தேவதாய் உங்கள் எல்லோரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்வாளாக.

இப்படிக்கு,
மனமுடைந்த
வேதநாயகம்

பின்குறிப்பு: சனிக்கிழமை இரவு. மேலே உள்ளதைத் தபாலில் போட மனசு வராமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நல்லதாயிற்று. அதை ஒரு வார்த்தை விடாமல் மறந்துவிடவும்.

இன்று சாயங்காலம் சுவாமியாரைப் பார்க்கப் புறப்பட்டவன், இந்தச் சனியனை முதலில் தொலைப்போம் என்று பந்தைப் பையில் போட்டுக்கொண்டு பாஷாவின் பட்டறைக்குப் போனேன். துளைகளை அடைத்து ஏதாவது தூணுக்குக் குமிழாக வைத்துக்கொள் என்று சொல்வதாக இருந்தேன். அங்கே எனக்கு முன்னால் தாயம்மா வந்து, மகன் விரலை நசுக்கியவன் யார் என்று பாஷாவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் தலை குனிந்தபடி அய்யாதுரை. என்னைப் பார்த்ததும் சண்டை என் பக்கம் திரும்பிற்று. நானும் சும்மா இல்லை, மேலே எழுதியிருக்கும் கபடம் முதலான வார்த்தைகள் எல்லாவற்றையும் உபயோகித்தேன். என் துளையில் ஒரு தப்பும் இல்லை பார் என்று பாஷா பந்தைப் பலகை மேல் வைத்தார். அந்தப் பலகையின் மறு கோடியில் அமீனா பீ கண்ணாடி வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பந்துக்கு இந்தத் தடவை எண்ணெயும் தாம்பாளமும் தேவைப்படவில்லை, தானே உருண்டது. பாஷா ஐயோ என்றார். நானும் அய்யாதுரையும் நின்ற இடத்திலேயே நின்றோம். தாயம்மா எட்டி ஒரே அழுத்தில் பந்தை நிறுத்தினார். வளையல் ஒன்றுகூட உடையவில்லை.

நிறுத்திய கை இடது கை. வலது கை சும்மாத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அமீனா பீதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாம்மா, உனுக்கும் அந்தக் கைதானா?"

தாயம்மா பந்தின் மேலிருந்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். புறங்கையில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. "கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியா கரண்டியைக் காய வச்சுப் போட்டது" என்றார். "எம் மவனுக்கு அப்படி ஆவக்கூடாதுன்னுதான் சின்னதுல அந்தக் கையை நானே கட்டிப் போட்டேன்." அவர் அழவில்லை. பிலோமினா எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றேன். "அவளையும் கூட்டியாங்க. தொளையை மாத்திப் போடணும்" என்றார்.

துளைகளை அடைத்து, கண்ணாடியில் பார்த்தது போல் மாற்றி, இடது கைக்குப் போடுவதாக முடிவு. எந்த இடத்தில் என்பதில் இப்போது பட்டறையில் ஐந்து அபிப்பிராயம் இருக்கிறது, அதில் இரண்டு தாயம்மாவுடையது. பிலோமினா கட்டை விரல் துளையைப் பெரிதாக வைக்கச் சொன்னாள், அதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நாளைக்குப் பூசையில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு கருவாட்டோடு புறப்பட்டு வரவும், பானையும் ஒன்று கொண்டு வரவும்.

இன்னும் ஒன்று. இந்தப் பின்குறிப்பின் எழுத்து மேலே உள்ளதைப் போல் இல்லாமல் மணி மணியாக இருப்பதைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். மை மட்டும் அங்கங்கே இழுபட்டிருக்கும், எழுதுகிற கை எழுதினதன் மேலேயே போவதால் அப்படித்தான் ஆகும், பழக்கம் விட்டுப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் விரலை உடைத்த பிறகு, அந்தக் கையில் பேனா பிடிக்க இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. ஜெபமாலை தூங்குகிறாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் அத்தை அந்தோணியம்மாளையும் அவர் தோசையையும் பற்றி மேலே எழுதியிருப்பதைத் தயவு செய்து அடித்துவிடவும்.